எட்டுச்செலவுக் கோழி

கோழி வாங்கும்போது முதலில் காலைப் பார்க்க வேண்டும். மண்ணைக் கிளறித் தின்ற கோழியின் கால் சொரசொரப்பாக, நகம் தேய்ந்து இருக்கும். அடைத்து வைத்துத் தீனி போட்ட கோழியின் கால் ஆஸ்பத்திரியில் நெடுநாள் படுத்திருப்பவரின் பாதம் மாதிரி வெளுத்து மெத்தென்று இருக்கும். சூப்பர்மார்க்கெட்டில் காலை வெட்டி எறிந்துவிட்டுத்தான் விற்கிறார்கள். ஏன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள், மேடம்.

சுசான் அம்மா இதை அப்படியே மொழிபெயர்க்கட்டும். அவர் பாண்டிச்சேரி, நான் யாழ்ப்பாணம். என் பேச்சில் பாதி அவருக்குப் பிடிபடவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அதனால் எழுத்துத் தமிழில் ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். என் மச்சான் இரத்தினத்தின் விஷயத்துக்கும் வருகிறேன். அவசரப்படாதீர்கள், கோழியை விட்டுவிட்டுச் சொன்னால் அது விளங்காது.

என் பெயர் கரிகாலன். இந்தப் பாரிஸில், ரூ பஜோலுக்குப் பக்கத்து ஒழுங்கையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். லா ஷப்பலில் தடுக்கி விழுந்தால் ஒரு கொத்துரொட்டிக் கடை. ஆனால் கோழிக்கறி என்றால் என்னிடம்தான் வர வேண்டும் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பியது நான்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதுவும் வாக்குமூலத்தில் சேரட்டும்.

நல்ல கோழிக்காக நான் அலைந்த அலைச்சலைச் சொன்னால் நீங்கள் அழுவீர்கள். நோர்மண்டியில் அர்னோ என்ற விவசாயியிடம் போனேன். புல்வெளியில் மேய்கிற கோழிகளைக் காட்டினான். நல்ல பிள்ளை, நல்ல கோழி. ஆனால் கறியில் போட்டால் கறித்தூளோடு சேராமல், கலியாண வீட்டில் ஒருவரையும் தெரியாமல் நிற்கிற விருந்தாளி போல இறைச்சி தனியே நின்றது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை செவ்ரானில் தங்கச்சி சாரதாதேவி வீட்டுக்குப் போனேன். அவளுடைய கணவன்தான் இரத்தினம். அன்றைக்கு அவன் தன் வீட்டு வளவில் வளர்த்த பேடு, இளம் பெட்டைக்கோழி, ஒன்றை உரித்துத் தந்தான். நான் சமைத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றேன். கண் கலங்கிவிட்டது.

அவன் என்ன செய்தான் என்கிறீர்கள்? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கோழிகளைப் பகல் முழுக்க ஆப்பிள் மரத்துக்குக் கீழே கிளற விட்டான். கடைக்காரர்கள் மாலையில் ஒதுக்குகிற வாடின முருங்கையிலை, வல்லாரை, கீரை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்ப் போட்டான். அதோடு தேங்காய்ச் சக்கை. பால் பிழிந்த சக்கையைத் தின்ற கோழிக்குக் கொழுப்பில் ஒரு வாசம் வரும். அந்தச் சக்கை என் கடைச் சக்கை. இதைத் தயவுசெய்து தெளிவாகப் பதிந்துகொள்ளுங்கள். இரத்தினத்தின் கோழி என்று ஊரே சொல்கிற கோழியில் பாதி என் தேங்காய்.

மூன்று நான்கு வருடம் அப்படியே போனது. மாதத்தில் ஒரு ஞாயிறு இரத்தினத்தின் கோழி என் கடையில் கறியாகும். சனம் கதவு திறக்குமுன்பே வந்து நிற்கும். சாப்பிட்டுவிட்டு, "இரத்தினத்தாற்ரை கோழியெண்டா தனிதான்" என்று சொல்லிவிட்டுப் போகும். நான் கல்லாப்பெட்டியில் இருந்து சிரிப்பேன். எனக்கு அதில் ஒரு மனத்தாங்கலும் இல்லை.

இந்த வருடம் என் மருமகள், தங்கச்சியின் மகள் சுபாங்கிக்கு வயிற்றில் ஒரு கட்டி. ஒப்பரேசன் முடிந்து, பயப்பட ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொன்னபோது நானும் அழுதேன். தூக்கி வளர்த்த பிள்ளை. ஆனால் இரத்தினம் ஆஸ்பத்திரி வாசலிலேயே பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி வைத்திருக்கிறான். பிள்ளை பிழைத்தால் மச்சம் தொடமாட்டேன், வளவில் நிற்கிற ஒரு உயிரையும் கொல்லவும் விடமாட்டேன் என்று. மச்சம் என்றால் மீன், இறைச்சி, முட்டை எல்லாம்தான் மேடம்.

நேர்த்தி வைக்க எத்தனை இருக்கிறது. மொட்டை போடலாம். காவடி எடுக்கலாம். தேர் வீதியில் ஒரு லொறி தேங்காய் உடைக்கலாம், நானே தந்திருப்பேன். பிள்ளையார் கொழுக்கட்டை தின்கிற சாமி. அவருக்கும் கோழிக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்?

அந்த நேரம் வளவில் இளவேனிலில் பொரித்த குஞ்சுகள் நின்றன. லா ஷப்பல் பிள்ளையாரின் தேர்த் திருவிழா முடிகிற காலத்தில் பேடுகள் முதல் முட்டைக்குத் தயாராக இருக்கும். அதுதான் பதம். அதற்குப் பிறகு நாள் போகப் போக இறைச்சி நாராகிவிடும். அந்தப் பதத்தில் அவற்றை விட்டுவிடுவது எவ்வளவு பெரிய பாவம் என்று ஒரு சமையல்காரனுக்குத்தான் தெரியும். நான் மச்சானிடம் நல்லபடியாகத்தான் கதைத்தேன்.

"நீ வெட்ட வேண்டாம் மச்சான். நான் வெட்டுறன். நீ அங்காலை திரும்பி நில்."

"இல்லை மச்சான். பிள்ளையாருக்குக் குடுத்தது குடுத்ததுதான். அதுகள் கிழண்டு தானாச் சாகட்டும்."

"செத்த பிறகு என்ன செய்வாய்?"

"தாப்பன்."

தாப்பானாம், குழி வெட்டிப் புதைப்பானாம். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பொபினியில் எனக்குத் தெரிந்த ஐயர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்ப் பொதுவாகக் கேட்டேன். ஒருவர் வைத்த நேர்த்தி மற்றவர்களைக் கட்டுப்படுத்துமா? அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "வைச்ச ஆளைத்தான் கட்டும். ஆள் போனால் அதோடை சரி" என்றார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம்.

திரும்பி வரும்போது ரயிலில் எட்டுச்செலவு நினைவுக்கு வந்தது. சுசான் அம்மா, உங்கள் பக்கத்தில் இதற்கு வேறு பெயர் இருக்கலாம். எங்களில் ஒருவர் செத்தால் வீட்டில் சைவம்தான். எட்டாம் நாள், செத்தவருக்கு உயிரோடு இருந்தபோது என்னென்ன பிடிக்குமோ அதையெல்லாம் சமைத்துப் படைப்போம். மச்சமும் படைப்போம். பிறகு வந்தவர்கள் எல்லோரும் இருந்து சாப்பிடுவோம். இரத்தினத்துக்கு என்ன பிடிக்கும் என்று செவ்ரானில் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

இதில் நான் அவசரப்பட்டு ஒன்றும் செய்யவில்லை. அவனுடைய மனம் மாறட்டும் என்று தேர் நாள் வரைக்கும் காத்திருந்தேன்.

தேரன்று லா ஷப்பல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் பொலிஸ் ஆட்கள்தானே வீதியை மறிக்கிறார்கள். தவில், நாதஸ்வரம், அரோகரா. வீதியில் குவித்த தேங்காய்களை ஒவ்வொன்றாக ஓங்கி உடைக்கிற சத்தம். என் கடை அன்று பூட்டு. வேலையாட்கள் எல்லோரும் தேரோடு. நான் முன்வாசலில் மோர்ப்பந்தல் போட்டிருந்தேன், வருடா வருடம் போடுவேன். இரத்தினம் விரதத்தோடு வந்தான். வெறும் மேல், வேட்டி, இடுப்பில் சால்வை. மோருக்கு ஐஸ் முடிந்துவிட்டது என்று சொல்லி, பின்னால் போய் உறைகுளிர் அறையில் இருந்து ஒரு பை எடுத்துவரச் சொன்னேன்.

"ஓம் மச்சான்" என்று போனான். யாருக்கு எந்த உதவி என்றாலும் அவன் இல்லை என்று சொன்னதில்லை.

அந்த அறையின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து நெடுநாள். திருத்த ஆள் கூப்பிட வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் பின்னாலே போய்க் கதவைச் சாத்தினேன். அவ்வளவுதான் செய்தேன். அவன் தட்டியிருப்பான். வெளியே தேங்காய் உடைந்துகொண்டிருந்தது, எனக்கு எது எது என்று தெரியவில்லை.

ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். முதல் நாளே அந்த அறையில் இருந்த இறைச்சி, மீன் எல்லாவற்றையும் எடுத்து வேறு கடையில் வைத்துவிட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவியிருந்தேன். அவன் விரதம் அல்லவா. மச்சத்துக்குப் பக்கத்தில் அவனுடைய உயிர் போகக்கூடாது என்று நினைத்தேன். நானும் அன்று விரதம். முட்டை கலந்த பிஸ்கட்கூடத் தொடவில்லை. வெறுங்காலோடு வடம் பிடித்தேன்.

நடுவில் சாரதாதேவி தேடிக்கொண்டு வந்தாள்.

"அண்ணை, இவரைக் கண்டனியளோ?"

"உங்கை கூட்டத்துக்கை நிப்பார். நீ போய்த் தேரைக் கும்பிடு."

போய்க் கும்பிட்டாள். என் தங்கச்சி நான் சொன்னதை ஒருநாளும் தட்டியதில்லை.

மாலையில் நானே கதவைத் திறந்து, நானே ஓவென்று அழுது குளறி ஆட்களைக் கூப்பிட்டேன். அந்தக் குளறல் நடிப்பில்லை மேடம். வேட்டியோடு ஒடுங்கி, ஐஸ் பையைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தான். எனக்குத் தாங்கவில்லை. உங்கள் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு விபத்து என்றார்கள். கைப்பிடியைத் திருத்தாததற்கு என்னைக் கண்டித்தார்கள். அது நியாயமான கண்டிப்பு.

உடலைத் தர நாள் எடுத்ததால், தகனத்தில் இருந்து எட்டை எண்ணினோம். கோழிக் கதையை நான் எடுக்கவே இல்லை. சாரதாதேவிதான் எடுத்தாள்.

"அண்ணை, அவருக்குத் தன்ரை கோழிக்கறியெண்டா உயிர். நேர்த்தி வைச்சிட்டுச் சாப்பிடாமலே போட்டார். படைக்கலாமோ?"

அப்பா இதை விரும்பமாட்டார் என்று சுபாங்கி பிரெஞ்சில் சொன்னாள். பிரான்சில் பிறந்த பிள்ளை, அவளுக்கு இந்த நுணுக்கம் எல்லாம் தெரியாது. நான் ஐயர் சொன்னதைப் பொறுமையாக விளக்கினேன். அவள் எழும்பி அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

பேடுகள் மிகச் சரியான பதத்தில் இருந்தன. நான் வெட்டி, நான் உரித்து, நான் வறுத்து இடித்த தூள் போட்டு, முதல் பாலும் கடைசிப் பாலும் விட்டு, விடியற்காலையில் இருந்து சமைத்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கறி வைத்ததில்லை. இனியும் வைக்க விடமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். படைத்தோம். தங்கச்சி படத்துக்கு முன்னால் விழுந்து அழுதாள். பிறகு சனம் சாப்பிட இருந்தது.

முதல் வாயிலேயே எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த அமைதிக்காகத்தான் ஒரு சமையல்காரன் உயிர் வாழ்கிறான். நான் அகப்பையோடு நின்றேன். பிறகு ஒருவர் தலையை ஆட்டி, "என்ன இருந்தாலும் இரத்தினத்தாற்ரை வளர்ப்பு" என்றார். "இனி இப்பிடிக் கோழி எங்கை" என்றார் இன்னொருவர். பாண்டிச்சேரிக்காரர் செபஸ்டியன், தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் கடையின் நிரந்தர வாடிக்கையாளர், விரலை நக்கிக்கொண்டே சொன்னார்: "கோழி பிரமாதம்ப்பா. மசாலாதான் கொஞ்சம் தூக்கலாப் போச்சு."

செத்த மனிதனைப் புகழ வேண்டியதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அகப்பையோடு நின்றவன் ஒருவன் இருக்கிறான் அல்லவா. இந்தக் கோழி உங்கள் இலைக்கு வந்ததற்கு யார் காரணம் தெரியுமா என்று கேட்டேன். ஒருவரும் நிமிரவில்லை. எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அதனால் ஐஸ் பையில் இருந்து தொடங்கி விளக்கமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. தங்கச்சியும் அங்கேதான் நின்றாள்.

நீங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். மூன்றாம் தடவையும் அதே பதில்தான்: எனக்கு மச்சானில் பொறாமை ஒருநாளும் இருந்ததில்லை. சட்டியில் மிஞ்சிய கறியை ஆதாரம் என்று எடுத்துவந்து இங்கே வைத்திருக்கிறீர்களாம். மெல்லிய நெருப்பில் சூடாக்கி, நீங்களும் சுசான் அம்மாவும் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டு, கையெழுத்து வாங்குமுன் உண்மையைச் சொல்லுங்கள், ருசி கோழியிலா இருக்கிறது, என் கையிலா?