கடல் ஏறாது என்றவர்

தம்பானூரிலிருந்து பூவார் போகும் பஸ். முன் சீட்டில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் இருவர். அவர்களில் முதியவர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் கைப்பேசியை உள்ளே வைத்தேன்.

"இனி வெள்ளத்தால உலகத்தெ அழிக்கமாட்டேன்னு கர்த்தர் நோவாவுக்கு வாக்குக் குடுத்தாச்சு தம்பி. பொறவு கடலு எப்படி ஏறும்?"

மற்றவர் சபைச் செயலாளர் போலிருக்கிறது. அவர் மடியில் ஒரு மனு, நிறையக் கையெழுத்துகளோடு.

"உலகம் அழியாது அண்ணாச்சி. கடலோரத்துல கெடக்குத நம்ம கல்லறைத் தோட்டம் போயிருமே. கொஞ்ச வருஷத்துல அங்க தண்ணிதான்னு சயின்ஸ் படிச்சவங்க சொல்லுதாங்க."

"அவங்க நாளைக்கு மழைன்னு சொன்னா வெயிலுல்லா அடிக்குது."

"தோட்டத்து மதிலு விழுந்துச்சே?"

"அது கான்ட்ராக்டரு சிமென்டெக் கொறச்சதுனால."

செயலாளர் மனுவையும் பேனாவையும் நீட்டினார். "கல்லறைகளெ மேட்டு நிலத்துக்கு மாத்தணும்னு எல்லாரும் ஒப்பு போட்டாச்சு. நீங்க மட்டுந்தான் பாக்கி."

"நான் போட்டா, கர்த்தருக்க வாக்கெ நம்பல்லேன்னு ஆவும். போடமாட்டேன்."

செயலாளர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். பஸ் கரமனைப் பாலம் தாண்டியது. பிறகு முதியவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"மாத்துத அன்னைக்கு என்னெ விளிக்கணும், கேட்டியா. எனக்க வீட்டுக்காரி அங்கெயாக்கும் கெடக்கா. அவளெ வேற ஆளு எடுக்க வேண்டாம். நானே தூக்கிக் கொண்டுவாறேன்."