லொள்படி

அது இல்லீங்க டாக்டரய்யா, வாந்தியும் இல்ல, பேதியும் இல்ல. மூஞ்ச கொஞ்சம் இப்டிக்கா வெச்சிப் பேசுங்க, எனக்கு ஆளப் பாத்துப் பேசுனாதான் நம்பிக்க. சோறெல்லாம் நல்லாத்தான் துன்றான் மணியன். லொள்ளு லொள்ளுன்னு கொலைக்கிறதுதான் கம்மியாயிடுச்சி.

எவ்ளோ கம்மியா? கடல ஒடைக்கிற மல்லாட்ட மில்லு வாச்மேன் நானு. லிட்டர் வந்தும் எனக்கு எல்லாமே படிக்கணக்குதான். பூனையப் பாத்தா மணியன் ஆழாக்கு கொலைப்பான். போஸ்ட்மேனுக்குத் தலதட்டி அரப்படி. திருடனுக்குக் கோபுரமா ஒரு படி. லொள்படின்னு நானே பேரு வெச்சேன். சிரிக்காதீங்க, மில்லுல எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க.

இப்ப எவன் வந்தாலும் ஆழாக்குகூட தேறல. போன வாரம் பின்பக்கமா ஒரு மூட்டய தூக்கினு போயிட்டானுங்க. இன்னொரு மூட்ட போச்சின்னா நீயும் கூடவே போயிடுன்னுட்டாரு மொதலாளி. மூணு பொண்ணுங்கள வெச்சினு எங்கய்யா போவேன்?

எனக்கு டீக்கட பரசுராமன் மேலதாங்க டவுட்டு. என் வேலய அவன் மச்சானுக்குக் கேட்டுனு இருக்கான். நாய்க்குத் தெனமும் பொறை பிஸ்கோத்து போடறான். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? எதையோ கலந்து போட்டு தொண்டயக் கட்டிட்டான்.

அவன் மட்டுமா? என் பொஞ்சாதி ஜோதி இருக்காளே, நான் இருந்தா அவ அக்காகூட குசுகுசுன்னே பேசறா. மில்லு மிஷின்கூட முன்னமாரி சத்தம் போட மாட்டேங்குது. எல்லாம் ஒண்ணா சேந்துனு எதையோ மறைக்கிறாங்க.

என்னா? வெறும் வாய அசைச்சா எப்டிங்க? உங்களயும் வந்து பாத்துட்டானா பரசுராமன்? என்னாத்துக்கு நாயவே காட்றீங்க?

இப்பவா? இப்பவா கொலைக்கிறான்? கொட்டாவி உடறான்னு இல்ல நெனச்சேன்.

இருங்க, இவன் தொண்டயில கைய வெச்சிப் பாக்கறேன்.

ஆமாங்க. அதிருது. கோபுரமா ஒரு படி.

உங்ககிட்ட என்னா மறைக்கிறது. ஊர்ல அத்தினி பேர் மேலயும் சந்தேகப்பட்டேன், இந்த ரெண்டு காது மேல மட்டும் சந்தேகப்பட பயமா இருந்திச்சி. பெரியாஸ்பத்திரிக்குப் போனா அங்க மொதலாளிக்குத் தெரிஞ்சவன் எவனாச்சும் இருப்பான். செவிட்டு வாச்மேன எவன் வெச்சிப்பான்? அதான் வேங்கிக்கால்லேந்து இவன இட்டுனு மாட்டாஸ்பத்திரிக்கு வந்தேன்.

நாய்க்குக் காதுல உடற மருந்து இருக்குமில்ல? மணியன் பேருலயே எழுதிக் குடுங்கய்யா. நான் ஊத்திக்கறேன்.