முன் சக்கரம் இழுக்கிற கார்

"பின் சக்கரம் தள்ளலேன்னா அது காரே இல்லை. நான் பூசைக்கு வரமாட்டேன்."

புதுக்கோட்டையிலிருந்து அரிமளம் போகும் பஸ்ஸில் இப்படி ஒரு குரல் கேட்டு நிமிர்ந்தேன். முன் சீட்டில் ஒருவரும் அவர் மனைவியின் தம்பியும். மூத்தவர் ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனியின் சின்ன செடான் கார் வாங்குகிறார். மறுநாள் கோயிலில் வண்டிக்குப் பூசை.

"அந்தக் கம்பெனி காலங்காலமா எஞ்சின் சக்தியப் பின் சக்கரத்துக்குக் குடுத்துத்தான் வண்டிய ஓட்டுச்சு மச்சான். இப்ப சின்னக் காருக்கு மட்டும் முன் சக்கரம்னு மாத்திட்டான். முன்னாடி ஒட்டுன கம்பெனி பேட்ஜைப் பாத்து ஏமாந்துட்டீங்க."

"மாட்டு வண்டியில மாடு எங்கிட்டு நிக்கிது மாப்ள? முன்னாடிதானே?"

"மாட்டு வண்டி வாங்கவா சிங்கப்பூர்ல அம்புட்டு வருசம் கெடந்தீங்க?"

கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மூத்தவருக்கு முகம் வாடிவிட்டது.

"தம்பி வராம கார்ல ஏறமாட்டேன்னு ஒங்கக்கா ஒத்தக்கால்ல நிக்கிறா. வந்துரு மாப்ள."

"அக்காவுக்காக வாரேன். ஆனா எலுமிச்சம்பழத்த முன் டயருக்கு அடியில மட்டுந்தான் வைப்பேன். பின் டயரு சும்மா உருளுறதுதானே? அதுக்கு எதுக்குப் பழம்?"

"ஒன் இஷ்டம். பின் சீட்டுலதான் ஒங்கக்கா உக்காருவா."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த ஸ்டாப்பில் பஸ் நின்றதும் இந்தப் பக்கம் திரும்பினார்.

"மச்சான், பின் டயருக்கு ரெண்டு ரெண்டா வச்சிருவோம்."