முறை போட்டுக் காவல்

மகளைப் பார்க்கத் துபாய் போயிருந்தபோது, ஜெபல் அலி பஸ்ஸில் என் முன் சீட்டில் தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருக்கும் இரண்டு ஆட்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எங்க ரூம் வேலுவுக்கு சிகரெட்டக்கூட நாங்கதான்ணே பத்த வச்சுக் குடுக்கறோம்."

"ஏன், அவன் என்ன கலெக்டரா?"

"ஊருக்குப் போக லீவு தரலன்னா வெள்ளிக்கிழமை எல்லாரும் தூங்கறப்ப ரூமோட கொளுத்திடுவேன்ங்கறான். பெட்ரோல் வாங்கி ஒளிச்சு வச்சிருந்தான். எடுத்துக் கொட்டிட்டோம்."

"கேம்ப் பாஸ்கிட்ட சொல்றதுதானே?"

"சொன்னோம். கொளுத்தினப்புறம் வாங்கன்னுட்டான். அதான் முறை போட்டு ஒருத்தர் கூடவே இருக்கோம்."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சேடா. யாரு முறை?"

"நம்ம முருகேசன்."

"அடப்பாவி, அவன் பின் சீட்டுல குறட்டை விடறானே!"

"பாய், ரோக்கோ, ரோக்கோ!" என்று கத்தியபடி டிரைவரிடம் ஓடினார்கள். பஸ் நின்றதும் குதித்து ஓடினார்கள். முருகேசனை யாரும் எழுப்பவில்லை.