ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டர்

பூனை இருக்கும் வீட்டில் இருப்பதிலேயே நல்ல நாற்காலி பூனைக்குத்தான். எங்கள் துறைத்தலைவர் வீட்டிலும் அப்படித்தான். ஜன்னலோரம் போட்டிருக்கும், மெத்தையும் வெள்ளை, அதில் ஒட்டியிருக்கும் முடியும் வெள்ளை. மிமிக்ரியை அதில் உட்காரவைத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள் சார், நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

மிமிக்ரி என்பது கல்லூரியே அவனுக்கு வைத்த பெயர். பதிவேட்டில் ஆராய்ச்சி மாணவன் என்று இருக்கும். ஐந்து வருடத்தில் அவன் ஆராய்ந்தது துறைத்தலைவரின் பழைய ஸ்கூட்டரை மட்டும்தான். அது ஸ்டார்ட் ஆகாமல் இழுப்பதையும் இருமுவதையும் விக்குவதையும் வாயாலேயே செய்துகாட்டுவான். பேராசிரியர்கள் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார்கள். காலியாக இருந்த ஒரே விரிவுரையாளர் வேலையையும் அவனுக்கே கொடுத்தார்கள். நானும் விண்ணப்பித்திருந்தேன். என்னிடம் நான்கு கட்டுரைகள் இருந்தன, ஸ்கூட்டர் இல்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

அவனைப் பாராட்டத்தான் அந்த மாலை விருந்து. அந்த வீட்டுக்கு அவன் வந்தது அதுவே முதல் தடவை. நான் சிலிண்டர் மாற்ற, குழாய் பார்க்க என்று ஐந்து வருடமாகப் போய்வருகிறவன். துறைத்தலைவரின் மனைவி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னைக்கு ஒரு நாளாவது அவன்கிட்ட மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காம இருப்பா.”

“எனக்கென்ன மேடம், கையில வெச்சுத் தாங்கறேன், பாருங்க.”

தாங்கினேன். அவன் பையை நானே வாங்கி மாடி அறையில் வைத்தேன். மூன்று வருடம் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள் நாங்கள். பக்கவாட்டு ஜிப்பில் இன்ஹேலர் இருக்கும் என்று தெரியும். பூனை முடி பட்டால் அவனுக்கு மூச்சு இழுக்கும் என்றும் தெரியும். இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். இன்ஹேலரை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அங்கே இருபது பைகள் குவிந்துகிடந்தன. தொலைந்துவிடக் கூடாதல்லவா.

“பூனை கீனை எதுவும் இல்லையேடா?” என்று கேட்டான்.

“ஸ்டூடண்டையே வளர்க்காத மனுஷன், பூனையையா வளர்க்கப் போறார்? உட்காருடா.”

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று பூனையைச் சமையலறையில் அடைத்திருந்தார்கள்.

கால் மணி நேரத்தில் அவன் நெஞ்சிலிருந்து முதல் விசில் கிளம்பியது. ஒரு நொடி யாரும் கவனிக்கவில்லை. நான்தான் எழுந்து குரல் கொடுத்தேன்.

“எல்லாரும் இங்க வாங்க, ஸ்கூட்டரை எடுத்துட்டான்.”

வட்டமாகக் கூடிவிட்டார்கள். அவன் இழுத்தான், இருமினான், இல்லை இல்லை என்று தலையை ஆட்டினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

“சோக்கை இழுப்பா” என்றார் விளையாட்டு ஆசிரியர்.

“தள்ளி விடணுமோ என்னவோ” என்றார் துறைத்தலைவர், தன் வண்டி என்ற பெருமையோடு.

அவன் மண்டிபோட்டு விழுந்தான். நூலகர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, “பெட்ரோல் தீந்துபோச்சு” என்றார். இருபது பேர், சார். அத்தனை பேரும் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். மனிதன் மூச்சுக்கும் ஸ்கூட்டர் சத்தத்துக்கும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இவர்கள்தான் என் தகுதியை எடைபோட்டவர்கள்.

அவன் மட்டும் என்னையே பார்த்தான். என் சட்டை மெல்லியது; பையில் இருந்த இன்ஹேலரின் நீல நிறம் தெரிந்திருக்க வேண்டும். கையை நீட்டினான்.

நாலு பேர் பார்க்கும்போது ஒருவன் கை நீட்டினால் வேறென்ன செய்வது? குனிந்து அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். வேலை கிடைத்ததற்கு வாழ்த்துச் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவன் பிடியை விடவே இல்லை. கடைசியில் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

என் மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது, சார்.