கூப்பிட்டால் வரவேண்டும்

ஸ்பானியல் நாய்க்குட்டிக்குக் காது பெரிது, கேட்கிற புத்திதான் குறைச்சல். தரையில் ஒரு வாசனை கிடைத்துவிட்டால் பெற்ற தாயே கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. நாய் பழக்குவதுதான் என் தொழில், ஐயா. எத்தனையோ முரட்டு நாய்களை வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுக் குட்டி எனக்கே தண்ணி காட்டியது.

கூப்பிட்டால் வர வைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நீளக் கயிறு கட்டி விடவேண்டும். கயிறு இருப்பதே அதற்குத் தெரியக்கூடாது. விசிலடித்து, வந்தவுடன் வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று கொடுக்கவேண்டும். எவ்வளவு தாமதமாக வந்தாலும் வந்த உடனே திட்டக்கூடாது, திட்டினால் மறுபடி வராது. அப்புறம், நாய் ஓடினால் நாம் பின்னால் ஓடக்கூடாது. விளையாட்டு என்று நினைத்து இன்னும் ஓடும்.

என் மனைவியிடமும் நான் அப்படித்தான் நடந்துகொண்டேன். அக்கா வீட்டுக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்தால் வாசலில் ஒரு வார்த்தை பேசமாட்டேன். சாப்பிடவிட்டு, பாத்திரம் கழுவவிட்டு, அதன்பிறகுதான் கதவைச் சாத்துவேன். போன் வாங்கிக் கொடுத்திருந்தேன். யாரோடு பேசுகிறாள் என்று நான் பார்ப்பது வெகுநாள் அவளுக்குத் தெரியாது. அடித்தேன் என்று அவள் அக்கா உங்களிடம் அழுதிருப்பாள். அடி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

ஒருநாள் வேலை முடிந்து வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. அவளும் இல்லை, குட்டியும் இல்லை. அக்கா வீடு பெரிய சாலைக்கு அந்தப் பக்கம்தான். போய் வாசலில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, மரியாதையாகத்தான் கூப்பிட்டேன்.

"நான் வரமாட்டேங்க. இனிமே நாயும் வராது. போயிடுங்க," என்றாள் ஜன்னலுக்குள்ளிருந்து.

தெருவே வேடிக்கை பார்த்தது. ஊர் நாயெல்லாம் இவன் பேச்சைக் கேட்கும், கட்டினவள் கேட்கமாட்டாள் என்று என் காதுபடவே சிரித்தார்கள். அது எனக்கு ஆறவே இல்லை.

மறுநாள் காலையில் அவள் குட்டியை அந்தப் பக்க நடைபாதையில் கூட்டிக்கொண்டு போனாள். நான் இந்தப் பக்கம் நின்று விசிலடித்தேன். நாயும் வராது என்றாளே, அதைப் பார்க்கத்தான். குட்டி அவள் கையிலிருந்து வாரைப் பிடுங்கிக்கொண்டு பறந்து வந்தது. ஈரல் கொடுத்தேன். பின்னாலேயே அவளும் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தாள். நாய் பின்னால் ஓடாதே என்று நூறு தடவை சொல்லியிருப்பேன், மண்டையில் ஏறினால்தானே.

"உங்களுக்கு அறிவிருக்கா? லாரி வந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றாள். குட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். நான் தடுக்கவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை லாரி என் நினைப்பிலேயே இல்லை. அந்த யோசனை அவள் கொடுத்ததுதான்.

அப்புறம் சில நாள் அவள் வெளியே தலைகாட்டவில்லை. என் தொழிலில் அவசரம் உதவாது, தினமும் போய் நின்றேன். வியாழக்கிழமை குட்டியோடு வந்தாள். ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று வளைவில் திரும்பியது. குட்டி சின்னது, கால் வேகம், அது தப்பித்துவிடும் என்று எனக்குத் தெரியும். அவள் பின்னால் ஓடி வருவாள் என்பதும் தெரியும். தெரிந்துதான் விசிலடித்தேன். குட்டி நேராக என் காலடிக்கு வந்தது. குனிந்து ஈரல் கொடுத்துவிட்டுத்தான் சாலையைப் பார்த்தேன்.

லாரிக்காரர் பாவம், அவரை விட்டுவிடுங்கள். கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனாலும் நான் கூப்பிட்டது நாயைத்தான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவளைக் கூப்பிட்டபோது அவள் வரவில்லை.

உங்களிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். குட்டியை அவள் அக்காவிடம் கொடுக்காதீர்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிடுவாள். நேற்று உங்கள் ஆட்கள் அதை இங்கே கொண்டுவந்தபோது விசிலடித்துப் பார்த்தேன். மேஜைக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டது. கிட்டே போனால், இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. லாரிச் சத்தத்தில் மிரண்டிருக்கிறது, வேறொன்றும் இல்லை. என்னைக் கண்டு அது எதற்குப் பயப்படப் போகிறது?