தூணில்லாத மண்டபம்

கட்டடங்களைப் பத்தி எழுதறவனுக்கு முதல்ல நல்ல செருப்பு வேணும், இன்ஸ்பெக்டர் சார். கார்ல போறவன் முகப்பை மட்டும்தான் பார்ப்பான். நான் தாம்பரத்துலேருந்து பஸ் பிடிச்சுப் போய், சுத்தி நடந்து பார்த்துட்டுத்தான் ஞாயித்துக்கிழமை பேப்பர்ல விமர்சனம் எழுதுவேன்.

பள்ளிக்கரணையில ஆர்க்கிடெக்ட் தாமோதரன் கட்டின மண்டபத்தையும் அப்படித்தான் பார்த்தேன். உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. மேல்மாடம் அந்தரத்துல நிக்கும். ஊரே வாயைப் பிளந்துச்சு. சதுப்பு மண்ணை மதிக்காத கட்டடம், ரொம்ப நாள் தாங்காதுன்னு நான் எழுதினேன். அந்தக் கட்டடத்துக்குப் போய் விருது கொடுத்தாங்க. மேடையில தாமோதரன் என்னைக் கை காட்டி, செங்கல்லைத் தொடாதவங்கதான் இங்க விமர்சகர்னு சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. பக்கத்துல உட்கார்ந்திருந்த என் மனைவி காந்திமதியும் சிரிச்சா. வயிறு எரிஞ்சுது சார், மறைக்கலை.

மழை விட்டதும் மறுபடி போனேன். வாட்ச்மேன் சவுரிமுத்துவுக்கு என் மேல பெரிய மரியாதை, பேப்பர்ல போட்டோ வர்றதால. மேல்மாடம் சுவரோட சேர்ற இடத்தைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினார். விரிசல்ல என் விரல் முழுசா உள்ளே போச்சு.

"இன்னா சார் இது, இப்படிப் பொளந்துகினு கீது? ஆண்டு விழாவுக்கு ஸ்கூல் பசங்கள்லாம் மேலதான் உக்காருவாங்க. தாமோதரன் சாருக்குப் போன் போடட்டா?"

"வேணாம் சவுரிமுத்து. வெறும் பூச்சுதான். பட்டி வெச்சு பெயிண்ட் அடிச்சிடுங்க."

நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அவரே ஏணி போட்டு அடைச்சார். பாவம், நல்ல மனுஷன். அவரைப் பிடிச்சு வெச்சிருக்கீங்களாமே, விட்டுடுங்க.

நான் எதையும் இடிக்கலை. விமர்சகன் தீர்ப்பு சொல்லலாம், ரிப்பேர் பண்ணக் கூடாது. அன்னிக்கு நான் எச்சரிச்சிருந்தா தாமோதரன் சத்தமில்லாம ரெண்டு தூணை நிறுத்திப் பேரைக் காப்பாத்திக்கிட்டிருப்பார். நான் எழுதினது பொய்யாப் போயிருக்கும். அப்புறம் யார் என் பேச்சைக் கேட்டு இந்தச் சதுப்புல ஜாக்கிரதையாக் கட்டுவாங்க? ஒண்ணு விழுந்தா மத்ததெல்லாம் ஒழுங்கா நிக்கும்னு நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன்.

விழா அன்னிக்கு வீட்லதான் இருந்தேன். மண்டபம் விழுந்துடுச்சுன்னு டிவியில சொன்னதும் கட்டுரையை அனுப்பிட்டேன். இவ்வளவு சீக்கிரமா எப்படின்னு பத்திரிகை ஆசிரியர் சத்யபிரியாவுக்குச் சந்தேகம் வந்து உங்ககிட்ட சொல்லியிருக்காங்க. நியாயமான சந்தேகம்தான். மழை விட்ட அந்த வாரமே எழுதி வெச்சது அது. செத்துப்போன பசங்களைப் பத்திக் கடைசியில ஒரு பாரா வருமே, அதையும் சேர்த்துத்தான். எத்தனை பேருங்கிற இடத்தை மட்டும் காலியா விட்டிருந்தேன். அந்தப் பாராவை எழுதும்போது, நம்புங்க சார், என்னால அழுகையை அடக்கவே முடியலை.